நல்ல படத்தை இலவசத் தளத்தில் போடலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வங்கியில் வேலை. ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் விடியும் முன்னே கேமராவோடு உப்பளத்தில் போய் நிற்கிறவர். கேள்வி இதுதான்: "அண்ணா, போட்டோகிராபியை சீரியஸா எடுத்துக்கிறவங்க ஃப்ளிக்கர், இன்ஸ்டாகிராம் மாதிரி இலவசத் தளங்கள்ல படத்தைப் போடலாமா? எங்க கிளப்புல ஒரு பெரியவர், 'நல்ல படம் ஒண்ணைக்கூட நெட்டுல போடாதே, எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்'னு சொல்றார். கூடப் படிச்சவன், 'போடலேன்னா நீ இருக்கிறதே யாருக்கும் தெரியாது'ங்கிறான். யார் பேச்சைக் கேட்கிறது?"

தம்பி, போடுங்கள். பெரியவர் சொல்லும் திருட்டு நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை, நடக்கும். ஆனால் இந்தத் தளங்களில் அதைவிடப் பெரிய நஷ்டங்கள் இரண்டு இருக்கின்றன, அவற்றைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எந்தப் படத்தைப் போடுவது, எந்த அளவில் போடுவது, எதை மட்டும் அந்தத் தளத்தை நம்பி விடக்கூடாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

திருட்டிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கே நடந்த கதை.

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி, சமணர் மலை அடிவாரம். அங்கே தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும் உண்டு. 2014 மார்கழியில் ஒரு நாள் பனி விலகாத நேரத்தில், ஒரு பெரியவர் குளத்துப் படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு செம்பு. பின்னால் மலை பாதிதான் தெரிந்தது. நானே திருப்திப்பட்ட படங்கள் சிலதான், அதில் இது ஒன்று. ஃப்ளிக்கரில் போட்டேன், நீளப் பக்கம் 2,048 பிக்சல். கீழே ஓரத்தில் சின்னதாக என் பெயர்.

இரண்டு வருடம் கழித்துத் திருமங்கலம் பக்கம் ஒரு டீக்கடை. கண்ணாடி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால் சுவரில் என் குளம். ஒரு உரக்கடை போட்ட பெரிய ஒற்றைத்தாள் காலண்டர். படத்தின் அடிப்பகுதியை வெட்டியிருந்தார்கள், என் பெயர் போய்விட்டது. கூடவே அந்தச் செம்பும் பாதி போய்விட்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். தாமரை இலைகளின் விளிம்பெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. 2,048 பிக்சல் படத்தை 18 அங்குல அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 114 புள்ளிதான் கிடைக்கும்; நல்ல அச்சுக்கு 300 வேண்டும். கோபம் வந்ததா என்றால், முதலில் வந்தது வெட்கம்தான். என் படம் இவ்வளவு கேவலமாகத் தொங்குகிறதே என்று.

அச்சடித்தவரைத் தேடிப் போனேன். "கூகுள்ல கிடைச்சுது சார்" என்றார், கீழே கிடந்த காசை எடுத்த மாதிரி. சண்டை போடவில்லை. லேப்டாப்பைத் திறந்து ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூல ஃபைலைக் காட்டினேன்: 5,616 பிக்சல் அகலம், செம்பு முழுசாக, அதற்கும் கீழே இன்னும் இரண்டு படிக்கட்டு. அதன் பிறகு பேச்சு மாறியது. நாலாயிரம் ரூபாயும் இருபத்தைந்து காலண்டரும் கொடுத்தார். அதில் ஒன்று அந்த வருடம் முழுக்க எங்கள் அம்மாவின் அடுக்களையில் தொங்கியது.

உங்கள் கிளப் பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னால், "நான்தான் சொன்னேனே" என்பார். ஆனால் இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. அதே படத்தின் அதே பக்கத்தைப் பார்த்துவிட்டு, தென் மாவட்டச் சமணத் தலங்களைப் பற்றிப் புத்தகம் தொகுத்துக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு எழுதினார். படத்தின் கீழே ஊர் பெயர், மலைப் பெயர், எடுத்த மாதம் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருந்தேன்; தேடலில் அதுதான் அவருக்கு அகப்பட்டிருக்கிறது. மூன்று படத்துக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தார்கள், புத்தகத்தில் பெயரும் வந்தது. ஹார்டு டிஸ்கிலேயே பூட்டி வைத்திருந்தால் காலண்டர்காரரும் எடுத்திருக்க மாட்டார், புத்தகக்காரரும் வந்திருக்க மாட்டார்.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். காலண்டர்காரருக்குப் போனது சின்ன ஃபைல். பெரிய ஃபைல் என்னிடம் இருந்ததால்தான் என்னுடையது என்று காட்ட முடிந்தது, பேரம் பேசவும் முடிந்தது. 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் போட 3,600க்கு 5,400 பிக்சல் வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கென்று பலரும் வைக்கும் 1,080 பிக்சல் அகலத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் மூன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், பாஸ்போர்ட் போட்டோவுக்கு அண்ணன் அளவு. போனில் பார்க்க அது தாராளம். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

வாட்டர்மார்க், அதாவது படத்தின் மேல் போடும் பெயர் முத்திரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நடுவில் போட்டால் படத்தை நீங்களே கொன்றுவிடுகிறீர்கள். இப்போது வரும் மென்பொருள்கள் அதை ஒரு சொடுக்கில் அழித்தும்விடுகின்றன. நான் விட்டுவிட்டேன்.

சரி, அடுத்தது சட்டம். "அப்லோடு பண்ணிட்டா படம் அவங்களுக்குச் சொந்தம்" என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. அது தவறு. பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் காப்பிரைட் உங்களிடமேதான் இருக்கும். நீங்கள் கொடுப்பது பயன்படுத்தும் அனுமதி. ஆனால் அந்த அனுமதி எவ்வளவு அகலம் என்று பாருங்கள்: உலகம் முழுவதற்கும், காசில்லாமல், வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கும்படியும், அவர்கள் மேலும் சிலருக்கு அனுமதி கொடுக்கும்படியும். இன்ஸ்டாகிராமின் விதிகளிலும் இதுதான் இருக்கிறது. உங்கள் படத்தைப் பத்து விதமான போன்களில் பத்து அளவில் காட்டுவதற்கே அவர்களுக்கு இதில் பெரும்பகுதி தேவை, அது நியாயம்தான். மீதி எதற்கு என்று கேட்டால் வழக்குகள்தான் பதில் சொல்கின்றன.

2010 ஜனவரி 12, ஹெய்டி நிலநடுக்கம். டேனியல் மொரேல் என்ற ஹெய்டி போட்டோகிராபர் அன்றைக்கே தெருவில் இறங்கிப் படமெடுத்து, ட்விட்டரோடு இணைந்த ட்விட்பிக் என்ற இலவசத் தளத்தில் போட்டார். வேறொருவர் அவற்றை எடுத்துத் தன் படங்கள் மாதிரி போட்டுக்கொண்டார். அங்கிருந்து ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாக உலகத்துக்கே விநியோகித்தது, அதுவும் தவறான பெயரில். நீதிமன்றத்தில் ஏஎஃப்பி வைத்த வாதம் என்ன தெரியுமா? பொதுத் தளத்தில் போட்டதாலேயே அந்தத் தளத்தின் விதிப்படி எங்களுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று. நியூயார்க் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 நவம்பரில் ஜூரி மொரேலுக்குச் சுமார் 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. தளத்துக்குக் கொடுத்த அனுமதி, அந்த வழியாகப் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்த அனுமதி ஆகாது என்பதற்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு இது. ஆனால் ஒன்று, தீர்ப்பு வர நாலு வருடத்துக்குப் பக்கம் ஆனது.

எல்லாம் இவ்வளவு தெளிவாக முடிவதும் இல்லை. புலிட்சர் பரிசு பெற்ற ஸ்டெஃபனி சின்க்ளேரிடம் 2016இல் மேஷபிள் தளம் ஒரு படத்துக்கு 50 டாலர் தருவதாகக் கேட்டது. அவர் மறுத்தார். மேஷபிள் என்ன செய்தது என்றால், அவருடைய இன்ஸ்டாகிராம் பதிவை அப்படியே எம்பெட் செய்துகொண்டது, அதாவது படத்தை நகலெடுக்காமல் அந்தப் பதிவையே தன் பக்கத்துக்குள் தெரியவைத்தது. 2020 ஏப்ரலில் நியூயார்க் நீதிபதி, இன்ஸ்டாகிராமின் விதிகளே இதற்கு அனுமதி தருகின்றன என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஜூனில் அதே நீதிபதி, அந்த விதிகள் அவ்வளவு தெளிவாக இல்லை என்று மறுபடி வழக்கைத் திறந்தார். கடைசியில் சமரசத்தில் முடிந்தது. ஒரே நீதிபதிக்கே இரண்டு மாதத்தில் இரண்டு விதமாகப் படும் ஒரு வாசகத்தைத்தான் நாம் படிக்காமலே "சம்மதம்" என்று அமுக்குகிறோம். எம்பெட் வசதியை அணைத்து வைக்க இன்ஸ்டாகிராம் வழி செய்தது 2021 கடைசியில்தான். உங்கள் கணக்கில் அது எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை செட்டிங்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே கொடுக்கும் அனுமதியில், எனக்கு மரியாதை உண்டு. விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் என் கோயில் படங்கள் நிறையக் கிடக்கின்றன, விரும்பித்தான் கொடுத்தேன். ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். 2014இல் ஃப்ளிக்கர் யாஹூவிடம் இருந்தபோது, வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் காமன்ஸ் உரிமத்தோடு இருந்த கோடிக்கணக்கான படங்களை கேன்வாஸில் அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். எடுத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. சட்டப்படி அதில் தப்பே இல்லை; உரிமமே அப்படித்தான் சொல்கிறது. கூச்சல் எழுந்தது, ஒரு மாதத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். கூச்சல் போட்டவர்களில் பலர், தாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்திருப்பார்கள். ஒரு தடவை காமன்ஸில் கொடுத்த படத்தை, ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்ப வாங்கவும் முடியாது.

இனி, நான் முதலில் சொன்ன இரண்டு நஷ்டங்கள்.

முதலாவது, இடமே போய்விடுவது. இலவசத் தளம் என்பது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. உட்காரலாம், நாலு பேரோடு பேசலாம், போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். ஆனால் வீட்டுக்காரர் நாளைக்குத் திண்ணையை இடித்துக் கடை கட்டினால் கேட்க முடியாது. ஃப்ளிக்கரின் கதையையே பாருங்கள். 2004இல் கனடாவின் வான்கூவரில் பிறந்தது, 2005இல் யாஹூ வாங்கியது, 2013இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது. ஜனங்கள் பழைய ஹார்டு டிஸ்குகளை அப்படியே அங்கே கொட்டினார்கள். 2018இல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கியது. அதே வருடம் நவம்பரில், இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான், அதற்கு மேலே இருப்பவை அழிக்கப்படும், பழைய படத்திலிருந்து தொடங்கி அழிப்போம் என்று அறிவிப்பு வந்தது. நான் ஸ்மக்மக்கைக் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுக்கிறவர்களை நம்பித்தான் தளம் நடக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், சில மாதம் அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் மின்னஞ்சலை அந்தச் சில மாதம் திறந்து பார்க்காதவர்கள்?

போட்டோபக்கெட் என்ற படத் தளம் செய்தது இதைவிட மோசம். 2017 ஜூன் கடைசியில் திடீரென்று, அவர்களிடம் வைத்திருக்கும் படங்களை வேறு தளங்களில் காட்ட வருடத்துக்கு 399.99 டாலர் என்றார்கள். ஒரே வாரத்தில் இணையம் முழுக்கப் படம் இருந்த இடங்களில் எல்லாம் முள் காட்டும் மீட்டர் ஒன்றின் படமும் "கணக்கைப் புதுப்பிக்கவும்" என்ற வாசகமும்தான். அடுத்த வருடம் அந்த முடிவைக் கைவிட்டார்கள், அதற்குள் போனது போய்விட்டது. பனோரமியோ என்ற படத் தளம் 2016இல் மூடப்பட்டது. கோடக் நிறுவனத்தின் ஆன்லைன் கேலரி 2012இல் மூடப்பட்டது. கோடக்கே போகும் என்று நம்மில் யார் நினைத்தோம்? கூகுள் போட்டோஸ் 2015இல் அளவில்லாத இலவசத்தோடு வந்தது, 2021 ஜூன் முதல் 15 ஜிபி கணக்கில் சேர்த்துவிட்டது. அளவில்லாத இலவசம் இருந்த நாளிலும் அது வைத்திருந்தது 16 மெகாபிக்சலுக்குக் குறைத்த, அழுத்திய நகலைத்தான், உங்கள் மூலத்தை அல்ல.

சென்னையில் என் நண்பர் ஒருவர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள ஸ்டுடியோவையே இழந்தார். கம்ப்யூட்டரும் இரண்டு ஹார்டு டிஸ்கும் சேற்றுத் தண்ணீரில் ஒன்றரை நாள். பதினோரு வருட வேலையில் மிஞ்சியது இலவசத் தளம் ஒன்றில் அவர் போட்டு வைத்திருந்த நானூற்றுச் சொச்சம் படங்கள், 1,024 பிக்சல் அளவில். "அந்தத் தளம்தான் என்னைக் காப்பாத்துச்சு" என்று அவர் சொல்வார். உண்மைதான். ஆனால் ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்தபோது அந்த நானூறில் ஒன்றைக்கூடப் பெரிதாகப் பிரிண்ட் போட முடியவில்லை. அன்றிலிருந்து அவருடைய டிஸ்க் ஒன்று நிரந்தரமாகக் காரைக்குடியில் மாமனார் வீட்டு பீரோவில் இருக்கிறது. மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். இதைச் செய்துவிட்டால் எந்தத் தளம் மூடினாலும் நீங்கள் செய்தியாகப் படித்துவிட்டுப் போகலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய படங்களை ஃப்ளிக்கரில் ஏற்றியது. அதைவிட சீரியஸான இடம் உண்டா? அவர்கள் எதிர்பார்த்தது, பார்க்கிறவர்கள் படங்களில் இருக்கும் ஆட்களையும் தெருக்களையும் அடையாளம் சொல்வார்கள் என்று. சொன்னார்கள். நெகட்டிவ் எல்லாம் நூலகத்திலேயே பத்திரமாக இருந்தது. இலவசத் தளத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இரண்டாவது நஷ்டம் உங்கள் கண்ணுக்கு நேர்வது. எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது.

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன் தம்பி. மூன்று வருடம் முன்பு போட்ட ஒரு படம்: வெள்ளைப் பாத்திகள் தொடுவானம் வரை போகின்றன, வலது மூலையில் எறும்பு அளவில் ஒரு பெண் உப்பு வாருகிறார். முப்பத்தோரு லைக். போன மாதம் போட்டது: அதே உப்பளத்தில் ஒரு பாட்டியின் முகம், கிட்டத்தில், சுருக்கம் ஒவ்வொன்றையும் கிளாரிட்டி ஸ்லைடரை இழுத்துச் செதுக்கியிருக்கிறீர்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் லைக். அதற்கு அடுத்து நீங்கள் போட்ட ஏழு படமும் முகங்கள்.

என்ன நடக்கிறது என்று புரிகிறதா? உங்கள் உப்பளப் படம் போன் திரையில் வெள்ளைக் காகிதமாகத் தெரியும். அந்தப் பெண் ஒரு தூசி. கட்டைவிரல் அரை விநாடியில் தள்ளிவிட்டுப் போய்விடும். அதே படத்தை நாலடி அகலத்துக்குப் பிரிண்ட் எடுத்து ஒரு சுவரில் மாட்டுங்கள். பார்க்கிறவர் முதலில் வெளிச்சத்தில் கண் கூசி நிற்பார், பிறகுதான் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பார். அந்தத் தாமதம்தான் படம். அதைத் தளம் அளக்க முடியாது, அளக்க முடியாததற்குப் பரிசும் தராது. பரிசு கிடைக்காததை நாமும் மெல்ல எடுப்பதை நிறுத்திவிடுகிறோம், முடிவு செய்து நிறுத்துவதுகூட இல்லை.

குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போயிருப்பீர்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. காளி வேடமிட்டவர் ஒருவருக்கு எதிரே இருபது லென்ஸ். எல்லாரும் எடுப்பது நாக்கும் கண்ணும். விரதம் இருந்து, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, கால் கொப்பளிக்க வந்திருக்கும் அந்த மனிதர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஒரு கேமராகூடத் திரும்பாது. அது லைக் வாங்காது என்று இருபது பேருக்கும் தெரியும். நானும் அந்த இருபதில் நின்றவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

தளங்களுக்கும் போட்டோவின் மேல் தனியாகப் பாசம் எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராம் இனிமேல் வெறும் போட்டோ பகிரும் செயலி இல்லை என்று அதன் தலைவர் ஆடம் மொசெரியே 2021இல் வீடியோ போட்டுச் சொன்னார். 2025 ஜனவரியில், சதுரமாக இருந்த புரொஃபைல் கட்டங்களை நெட்டுக்குத்தாக மாற்றினார்கள். மூன்று மூன்றாகச் சேர்த்து ஒரே பெரிய படமாகத் தெரியும்படி அடுக்கி வைத்திருந்தவர்களின் வேலை ஒரே நாளில் கலைந்தது. திண்ணைக் கதைதான்.

ஏஐ பற்றியும் கேட்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2014இல் யாஹூ ஆய்வுப் பிரிவு ஃப்ளிக்கரிலிருந்த காமன்ஸ் உரிமப் படங்கள் 9.92 கோடியைத் தொகுத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து சுமார் பத்து லட்சம் முகப் படங்களைப் பிரித்து முகம் அறியும் ஆராய்ச்சிக்கான தொகுப்பை ஐபிஎம் உருவாக்கியது 2019இல் வெளியே தெரிந்தது. எடுத்தவர்களிடமும் கேட்கவில்லை, படத்தில் இருந்தவர்களிடமும் கேட்கவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பொதுவில் இருக்கும் பதிவுகளைத் தன் ஏஐக்குப் பயிற்சியாகப் பயன்படுத்துவதாக மெட்டாவே சொல்லியிருக்கிறது. பொதுவில் வைத்த படம் இதற்குப் போகாது என்று யாராவது உங்களுக்கு உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம். போகும் என்று வைத்துக்கொண்டே போடுங்கள், மனசு ஒப்பவில்லையென்றால் போடாதீர்கள். நடுவழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், நீங்கள் நண்பர்களுக்குக் கல்யாணமும் எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே நம் ஆட்கள் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1957ஆம் வருடத்து இந்தியக் காப்பிரைட் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். எடுத்த நீங்கள் அல்ல! ஆகவே மணமக்கள் படத்தை உங்கள் பக்கத்தில் போடுவதற்கு முன்னால் அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்: காப்பிரைட் எடுத்தவருக்கு, விளம்பரத்துக்குப் பயன்படுத்த சம்மதம். சட்டத்தை விடுங்கள், குழந்தைகள் இருக்கும் படம் என்றால் பெற்றோரை ஒரு வார்த்தை கேட்காமல் போடுவது சரியில்லை. 2007இல் ஃப்ளிக்கரில் காமன்ஸ் உரிமத்தில் கிடந்த ஒரு அமெரிக்கச் சிறுமியின் படம் ஆஸ்திரேலியாவில் ஒரு மொபைல் நிறுவன விளம்பரமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றது, அவளைக் கிண்டல் செய்யும் வாசகத்தோடு. போட்டோகிராபர் கொடுத்த உரிமம் போட்டோகிராபருடைய உரிமைக்கு மட்டும்தான். படத்தில் இருப்பவருக்காக அவர் பேச முடியாது.

நீங்களே விருப்பப்பட்டு எடுத்த உப்பளப் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை எடுத்த கணமே உங்களுடையவை, பதிவு செய்யாவிட்டாலும். உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் காப்பிரைட் உண்டு. யாராவது தூக்கிவிட்டால் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட், முகவரியும் தேதியும் தெரியும்படி. அதற்குப் பிறகுதான் கோபம். எழுத்து மூலம் புகார் கொடுத்தால் தளங்கள் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும் என்று நம் விதிகள் சொல்கின்றன. 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம் என்றும் சொல்கின்றன. எடுத்தவர் ஒரு கடையோ நிறுவனமோ என்றால் நான் புகாருக்கு முன்பு ஒரு பில் அனுப்பிப் பார்ப்பேன். பாதிப் பேர் பேரம் பேச வருவார்கள்.

நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்றால், சொந்தப் பெயரில் ஒரு தளம், வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு. முழுத் தொகுப்பும் அங்கேதான், நான் வைத்த வரிசையில், நான் வைத்த அளவில். ஃப்ளிக்கரில் காசு கட்டி இருக்கிறேன், அங்கே இன்னும் படத்தைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால். இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு ஒன்று, 1,080 பிக்சல், அது சொந்தத் தளத்துக்கு வழிகாட்டும் பலகை. எதிலுமே மூல ஃபைல் கிடையாது. எல்லாப் படத்தையும் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்புக்கு மாற்றித்தான் ஏற்றுகிறேன். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பில் விட்டால் சில திரைகளில் நிறம் செத்துப் போகும். பறவைக் கூடு, ஆமை முட்டையிடும் இடம் மாதிரிப் படங்களில் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு, இடத்தின் பெயரையும் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு தொடராக வளரும் வேலையை மட்டும் வெளியே விடுவதில்லை. எங்கும் வெளிவராத படம்தான் வேண்டும் என்று கேட்கும் போட்டிகளும் பத்திரிகைகளும் இன்னும் இருக்கின்றன என்பது ஒரு காரணம். முடியாத வேலைக்கு லைக் எண்ணிக்கை ஒட்டிக்கொண்டால் அது எந்தப் பக்கம் வளரும் என்பது என் கையில் இருக்காது என்பது இன்னொரு காரணம்.

அதனால் உங்கள் உப்பளத் தொடரில் மூன்று, நாலு படத்தை மட்டும் வெளியே வையுங்கள், ஊர், பருவம், என்ன வேலை நடக்கிறது என்ற குறிப்போடு. மீதியை அஞ்சல் அட்டை அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுத் தரையில் பரப்பிப் பாருங்கள். அந்தக் கிளப் பெரியவரையும் ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டுங்கள், நெட்டில் போடாதே என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிரிண்ட் பார்க்கத் தெரிந்தவர்கள். மூலையில் அந்தப் பெண் நிற்கும் படத்தை அவர் எத்தனை நேரம் கையில் வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

இன்னொன்று. உங்கள் படம் ஒன்றை இறக்கி மெட்டாடேட்டாவை, அதாவது ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரங்களைப் பார்த்தேன். கேமரா மாடல் இருக்கிறது, ஷட்டர் வேகம் இருக்கிறது, காப்பிரைட் கட்டத்திலும் எடுத்தவர் பெயர் கட்டத்திலும் ஒன்றுமே இல்லை. லைட்ரூம் மென்பொருளில் இம்போர்ட் செய்யும்போதே பெயர், மின்னஞ்சல், வருடம் தானாக ஏறும்படி ஒரு ப்ரீசெட் (முன்கூட்டிய அமைப்பு) வைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. சில தளங்கள் ஏற்றும்போது அதை உரித்துவிடும், ஆனால் உரிக்காத தளங்களில் அது ஒட்டிக்கொண்டே போகும். அடுத்த ஞாயிறு எடுக்கும் படங்களுக்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.